நிலத்தை விற்கலாம், ஊர்ப் பெயரை விற்க முடியாது!

பிரான்ஸின் வான்தூ மலை ஒயினும், அதோடு பரிமாறும் உணவும் நம் பன்னீர்த் திராட்சைக்குச் சொல்லும் பாடம்

மாலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும் நேரத்தில், ஒரகடம் கூட்டுச்சாலை ஓரத்தில் பழ வண்டிகளைப் பார்க்கலாம். கருநீல நிறம், உள்ளே விதை, கையில் எடுத்தாலே மூக்கில் ஏறும் வாசனை. அந்தத் திராட்சையைப் 'பன்னீர்' என்று கேட்டு வாங்குகிறார்கள். பழம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, இரவு முழுக்க லாரியில் வந்து இறங்கியிருக்கும். வாங்குகிறவருக்குத் தெரிவது கிலோ விலை மட்டும்தான். எந்த ஊர்ப் பழம், யார் தோட்டம் என்ற விவரம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

இதே தொழிற்பேட்டைப் பகுதியில்தான் பிரான்ஸ் நாட்டின் பெயர்பெற்ற நிறுவனங்களும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை. ஒரகடத்தில் 2010-ல் ரெனோவும் நிசானும் கூட்டாகத் திறந்த கார் ஆலை. கண்ணாடியும் காரும் பிரான்ஸிலிருந்து வந்த தொழில் என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டியில் இருக்கும் பன்னீர்த் திராட்சையையும் 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுவது பலருக்குத் தெரியாது. அதன் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இன்றைக்கும் பிரான்ஸில் இதே ரகம் விளைகிறது. ஆனால் அங்கே அது வெறும் கிலோ விலைக்குப் போகும் பழம் அல்ல. ஒரு மலையின் பெயரைச் சுமந்து சந்தைக்குப் போகிறது.

ஒரே பழம், இரண்டு மலை

பிரான்ஸின் தென்கிழக்கில், புரோவான்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது வான்தூ மலை. உயரம் சுமார் 1,900 மீட்டர். வடக்கிலிருந்து வீசும் 'மிஸ்த்ரால்' என்ற வறண்ட காற்று கொடிகளின் ஈரத்தை உலர்த்தி, பூஞ்சண நோய்களை ஓரளவு தள்ளி வைக்கிறது. பகலில் வெயில், இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர். இந்த மாற்றம் திராட்சையின் நிறத்துக்கும் புளிப்புக்கும் நல்லது.

மலையடிவாரத்தில் இரண்டு வகைத் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. ஒன்று ஒயினுக்கானது. கிரெனாஷ், சிரா போன்ற ரகங்களிலிருந்து செய்யும் ஒயினுக்கு 1973-ல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. இப்போது அது 'வான்தூ' என்ற பெயரிலேயே விற்கிறது. மற்றொன்று சாப்பிடும் பழத்துக்கானது. அதுதான் நம் பன்னீரின் உடன்பிறப்பான மஸ்கட் ஹாம்பர்க். 'மஸ்கட் து வான்தூ', அதாவது 'வான்தூ மலை மஸ்கட்' என்ற பெயருக்கு 1997-ல் பிரான்ஸ் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஒயினுக்குக் கொடுக்கும் அதே மரியாதை ஒரு பழத்துக்கும் கிடைத்தது.

அந்தப் பெயரை ஒட்டி விற்க, வரையறுக்கப்பட்ட கிராமங்களில் மட்டுமே விளைந்திருக்க வேண்டும். குலை முழுக்க ஒரே சீரான கருநீல நிறம் வேண்டும். பழத்தின் மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் வெண்ணிற மாவுப் படிவு கலையாமல் இருக்க வேண்டும். அதனால் குலையைக் காம்பைப் பிடித்தே எடுக்கிறார்கள். குறிப்பிட்ட இனிப்பு அளவை எட்டாத பழத்துக்குப் பெயர் கிடையாது. சிறுத்த, வெம்பிய மணிகளைக் கத்தரியால் ஒவ்வொன்றாக நீக்குகிறார்கள். இதில் எதுவுமே கம்பம் விவசாயிக்குத் தெரியாத வேலை அல்ல. செய்த வேலைக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஒயினும் தட்டும்

நம் வீடுகளில் பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம், கேழ்வரகுக் களிக்குக் கருவாட்டுக் குழம்பு, ஆடி மாதக் கூழுக்கு முருங்கைக்கீரை. இது யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல. ஒரே மண்ணில் விளைந்தவை ஒரே தட்டில் சேர்ந்து பழகின. பிரான்ஸில் ஒயினும் அப்படித்தான். அங்கே அது தனியாகக் குடித்துத் தீர்க்கும் பொருளாக வளரவில்லை. சாப்பாட்டின் ஓர் உறுப்பாக வளர்ந்தது.

வான்தூவின் சிவப்பு ஒயினில் துவர்ப்பு உண்டு. துவர்ப்பு கொழுப்பை அறுக்கும். அதனால் அந்த மலைப் பகுதியின் செம்மறி ஆட்டுக்கறி வறுவலுக்கும், மாட்டிறைச்சியை ஒயினில் ஊற வைத்து மணிக்கணக்கில் வேக வைக்கும் 'தோப்' என்ற குழம்புக்கும் அதைப் பரிமாறுகிறார்கள். கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், சீமைச் சுரைக்காய் சேர்த்து ஆலிவ் எண்ணெயில் வதக்கும் 'ரத்தத்தூய்' என்ற காய்கறிக் கூட்டுக்கு வெளிர்சிவப்பு ஒயின். பக்கத்து ஊரான போம் தெ வெனீஸில் மஸ்கட் இனத்தின் வேறொரு ரகத்திலிருந்து இனிப்பு ஒயின் செய்கிறார்கள். அதற்குத் துணை, முலாம்பழமும் உப்புக் கூடிய பாலாடைக்கட்டியும். இனிப்புக்கு உப்பு என்பது நாம் மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் உப்பு தொடும் அதே கணக்கு.

இந்தத் தட்டில் இருக்கும் பல பொருள்களுக்கும் ஊர்ப் பெயர் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து மலைப்பகுதியின் 'பனோன்' என்பது வெள்ளாட்டுப் பாலில் செய்த பாலாடைக்கட்டி. கஷ்கொட்டை மரத்தின் இலையில் பொதிந்து நாரால் கட்டி விற்கிறார்கள். 2003-ல் அதற்கும் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியை மந்தாரை இலை வைத்து வேக வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இலையின் மணம் உணவில் இறங்குவது புதிதல்ல. மலையின் மேட்டு நிலத்தில், உமி ஒட்டிய ஒரு பழங்கால கோதுமையை இன்றும் விதைக்கிறார்கள். நம் சம்பா கோதுமைக்கு நெருங்கிய உறவு அது. விளைச்சல் குறைவு என்று கைவிடப்பட இருந்த தானியம், ஊர்ப் பெயர் கிடைத்தபின் மீண்டும் தட்டுக்கு வந்தது. கார்பான்த்ராஸ் ஊரில் குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மண்ணுக்கடியில் விளையும் ஒரு வகைக் காளானுக்கென்றே சந்தை கூடுகிறது.

ஒயின் வாங்க வருபவர் பாலாடைக்கட்டியும் வாங்குகிறார். கோதுமை வாங்க வருபவர் பழமும் வாங்குகிறார். ஒரு விவசாயியின் பொருள் இன்னொரு விவசாயியின் பொருளுக்கு விளம்பரமாகிறது. உணவுப் பொருத்தம் என்பது சுவை விஷயம் மட்டுமல்ல, வியாபார விஷயமும்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒயினும் மதுதான். பிரான்ஸிடமிருந்து கற்க வேண்டியது குடிப்பதை அல்ல. விளைபொருளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முறையை.

பெயர் சும்மா கிடைக்கவில்லை

பிரான்ஸின் திராட்சை விவசாயிகள் ஒரு காலத்தில் நம்மைவிட மோசமாக அடிபட்டவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரைத் தாக்கும் 'ஃபில்லாக்ஸெரா' என்ற பூச்சி பெரும்பகுதித் தோட்டங்களை அழித்தது. தட்டுப்பாட்டைப் பயன்படுத்திச் சர்க்கரைத் தண்ணீரில் போலி ஒயின் செய்து பெயர்பெற்ற ஊர்களின் பெயரில் விற்றார்கள். தோட்டங்கள் மீண்டபோது விலை தரைமட்டமாகியிருந்தது. 1907-ல் தென் பிரான்ஸில் விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். மோன்பெலியே நகரில் மட்டும் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். நார்போன் நகரில் ராணுவம் சுட்டதில் உயிர்ப்பலியும் நேர்ந்தது.

அதன்பின் வான்தூ மலைக்கு மேற்கே உள்ள ஷாதோநெஃப் து பாப் ஊரின் விவசாயிகள் 1923-ல் தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்டார்கள். எந்த நிலம், எந்த ரகம், எப்படிக் கவாத்து, குறைந்தபட்சச் செறிவு எவ்வளவு என்று எல்லாவற்றையும் வரையறுத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் பாரன் லெ ருவா என்ற வழக்கறிஞர். அவரும் திராட்சை பயிரிட்டவர். வேளாண் ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த ஜோசஃப் கபூ இதை நாடு முழுமைக்குமான சட்டமாக்கப் பாடுபட்டார். 1935-ல் சட்டம் வந்தது. ஊர்ப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை, அந்த ஊரில் விதிப்படி விளைவிப்பவருக்கு மட்டும் என்றானது.

விதிக்கு விலையும் உண்டு. அளவுக்கு மேல் காய்க்க விட்டால் பெயர் போய்விடும். நம் பன்னீர்த் திராட்சையில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 30 டன் வரை எடுக்கலாம். பெயர் வாங்கிய பிரெஞ்சு ஒயின் தோட்டங்கள் பலவற்றில் அனுமதி பத்து டன்னுக்கும் கீழே. சாப்பிடும் பழத்தையும் ஒயின் பழத்தையும் நேராக ஒப்பிட முடியாது என்றாலும், 'அதிகம் விளைத்தால் அதிக வருமானம்' என்ற கணக்கு மட்டுமே கணக்கல்ல என்பது இதில் புரியும்.

பெயர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. பிரான்ஸில் ஒயின் குடிப்போர் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2024-ல் 30,000 ஹெக்டேர் வரை திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிப் போட, ஹெக்டேருக்கு 4,000 யூரோ தரும் திட்டத்தை அந்நாட்டு அரசே அறிவித்தது. பெயர் ஒரு வேலி. உள்ளே இருப்பதைக் காக்கும். ஆனால் வாங்க ஆள் இல்லாவிட்டால் வேலியால் ஒன்றும் செய்ய முடியாது.

கிண்டியில் இருக்கும் அலுவலகம்

இந்தியாவில் இதே வேலையைச் செய்வது 1999-ல் இயற்றப்பட்டு, 2003-ல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீடு சட்டம். நாடு முழுமைக்குமான பதிவகம் டெல்லியில் இல்லை. சென்னை கிண்டியில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி, ஈரோடு மஞ்சள், கொடைக்கானல் மலைப்பூண்டு எல்லாம் அங்கே பதிவானவை. கோவாவின் முந்திரிப்பழ ஃபெனியும், நாசிக் பள்ளத்தாக்கு ஒயினும் பதிவாகியுள்ளன. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் குறியீடு கிடைத்தது.

குறியீடு கிடைத்த செய்தியோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. குறியீட்டை மூட்டையிலும் பெட்டியிலும் போட்டு விற்க, ஒவ்வொரு விவசாயியும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். 2020-ல் திருத்தப்பட்ட விதியில் இந்தப் பதிவுக் கட்டணம் ₹500-லிருந்து ₹10-ஆகக் குறைக்கப்பட்டது. பத்து ரூபாய்ப் பதிவு இல்லாததால், பெயர் இருந்தும் பயன்படுத்த முடியாமல் போகக் கூடாது.

இந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் அறிய வேண்டியது. புவிசார் குறியீட்டின் உரிமையை யாருக்கும் விற்க முடியாது. குத்தகைக்கு விட முடியாது. அடகு வைக்க முடியாது. பதிவு செய்தவர் இறந்தால் அது சட்டப்படியான வாரிசுக்குப் போகும், வேறெங்கும் போகாது.

தொழிற்பேட்டைப் பகுதி மக்களுக்கு இதன் அர்த்தம் சட்டென்று புரியும். இங்கே பத்திரம், வில்லங்கம், கையகப்படுத்தல், இழப்பீடு ஆகிய சொற்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நிலம் கைமாறியது, பணம் வந்தது, சில வீடுகளில் பணம் தங்கியது, சில வீடுகளில் தங்கவில்லை. சொத்துகளில் விற்க முடிந்தது எல்லாம் ஒருநாள் விற்கப்படலாம். விற்க முடியாத சொத்து ஒன்று விளைநிலத்தோடு ஒட்டி வருகிறது என்றால், அது ஊர்ப் பெயர்தான். ஆனால் நிலத்தில் விளைவது நின்றுவிட்டால் அந்தப் பெயரும் வெறும் எழுத்தாகிவிடும். வாரிசுக்குப் பெயர் போக வேண்டுமென்றால், வாரிசு விவசாயத்தில் இருக்க வேண்டும்.

ஏரிப் பாசன நிலத்தில் என்ன செய்யலாம்?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிகளின் வட்டாரம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் நெல் பார்த்த மண். மீதமிருக்கும் சிறு நிலங்களில் இன்றும் நெல்லும் வேர்க்கடலையும் காய்கறியும் விளைகின்றன. இந்த விளைபொருள்களுக்கு உடனே குறியீடு வாங்கிவிட முடியாது. அதற்கு நீண்டகால வரலாறும், மண்ணோடுள்ள தொடர்பும் ஆவணமாக நிரூபிக்கப்பட வேண்டும். ஆனால் குறியீடு இல்லாமலேயே வான்தூ விவசாயிகளின் மூன்று பழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பெயர். பாரம்பரிய நெல்லை அரிசியாக்கி விற்பவர்கள் பையின் மேல் ஊர்ப் பெயர், எந்த ஏரிப் பாசனம், ரகம், பட்டம், அறுவடை மாதம் ஆகியவற்றை அச்சிடலாம். பொய் கலக்காத இந்த நான்கைந்து வரிக்குச் செலவு மிகக் குறைவு.

இரண்டாவது, தட்டு. இந்த அரிசி எதற்கு ஏற்றது என்றும் எழுத வேண்டும். சீரகச் சம்பா பிரியாணிக்கு, தூயமல்லி சாம்பார் சாதத்துக்கு, மாப்பிள்ளைச் சம்பா கஞ்சிக்கு. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இளைஞர்களில் பலர் வெளி மாவட்டத்தார், வெளி மாநிலத்தார். அறையில் தாங்களே சமைப்பவர்கள். 'எப்படி ஆக்குவது, எதோடு சாப்பிடுவது' என்று சொன்னால்தான் அவர்கள் புது அரிசியை வாங்கிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காய் விளைவிப்பவராக இருந்தால், அரிசியோடு அந்தக் காயையும் சேர்த்து ஒரே வாரப் பையாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது, கூட்டு. வான்தூ அடிவாரத்தில் சிறு விவசாயிகளின் திராட்சையைக் கூட்டுறவு ஆலைகள் வாங்கி ஒயினாக்குகின்றன. பெதுவான் கிராமத்தின் கூட்டுறவு ஆலை அவற்றில் பெயர்பெற்றது. தனி ஒருவர் ஒரு கேண்டீனுக்கு மாதம் முழுக்க ஒரே தரத்தில் அரிசியோ காயோ கொடுப்பது கடினம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் முடியும். தரம் பிரிக்கும்போது உறவு பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பிரான்ஸில் விதி எழுதியவர்களுக்கும் கடினமாக இருந்தது, பக்கத்துத் தோட்டக்காரரின் பழத்தைத் தள்ளுவதுதான்.

அடுத்த முறை கூட்டுச்சாலையில் பன்னீர்த் திராட்சை வாங்குபவர்கள், 'எந்த ஊர்ப் பழம்?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். விவசாயியின் பழத்துக்கு விவசாயி வீட்டிலிருந்தே அந்தக் கேள்வி தொடங்கட்டும்.

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் பன்னீர்த் திராட்சை சாகுபடி செய்யலாமா?

பதில்: வியாபார நோக்கில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இங்கே கடுமையாகப் பெய்கிறது. தொடர் ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் கொடியை மொட்டையாக்கிவிடும். வீட்டுப் பந்தலில் ஒன்றிரண்டு கொடி வைக்கலாம். நோய் தடுப்புக்கு 1 சத போர்டோ கலவை போதும். பிரான்ஸின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் திருடர்களைத் தடுக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கண்ட பேராசிரியர் மில்லார்தே, 1885-ல் அந்த மருந்தை உலகுக்கு அறிவித்தார். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் மட்டுமே ஆகும். தீட்டிய இரும்புக் கத்தியைச் சற்று நேரம் முக்கிப் பார்க்கும்போது செந்நிறம் படிந்தால், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்துவிட வேண்டும்.

கேள்வி: விலை இறங்கும்போது பன்னீர்த் திராட்சையை என்ன செய்வது? உலர் திராட்சை ஆக்கலாமா?

பதில்: விதை இருப்பதால் உலர் திராட்சைக்கு ஏற்றதல்ல. ஸ்குவாஷ் செய்யலாம். வடிகட்டிய பழச்சாறு 1 லிட்டர், தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 1¾ கிலோ, சிட்ரிக் அமிலம் 30 கிராம். சர்க்கரை, தண்ணீர், சிட்ரிக் அமிலத்தைக் காய்ச்சி வடிகட்டி, ஆறியபின் சாறு சேர்க்க வேண்டும். பதப்படுத்த சோடியம் பென்சோயேட் 2 கிராம் போதும்; சிறிது வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம். பொட்டாசியம் மெட்டா பை சல்பைட் போட்டால் கருநீல நிறம் வெளுத்துவிடும். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அவசியம்.

கேள்வி: வீட்டிலேயே திராட்சை ஒயின் செய்து விற்கலாமா?

பதில்: கூடாது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். மிஞ்சிய பழத்தை ஸ்குவாஷாகவோ ஜாமாகவோ ஆக்குவதே வழி.